நெஞ்சு நோவு இதயத்தாலா, வாய்வாலா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நிமிடமே உங்களுக்கு நெஞ்சில் அழுத்தமோ இறுக்கமோ இருந்து, பத்து நிமிடம் கடந்தும் விடவில்லை என்றால், கீழே உள்ளதை வாசிக்க வேண்டாம். அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், தலைசுற்றல் சேர்ந்திருந்தால் பத்து நிமிடம்கூடப் பொறுக்க வேண்டாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். வாசிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். கொழும்பில் குடும்ப வைத்தியராக இருப்பவரிடம் நெஞ்சு நோவைப் பற்றி வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரிப் பதில் போதும், சிலவற்றுக்குப் போதாது.

இது இதயமா, வாய்வா என்று வீட்டிலிருந்தே கண்டுபிடிக்கலாமா?

முடியாது. இதயமும் உணவுக்குழாயும் நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒன்றையொன்று ஒட்டி இருக்கின்றன. இரண்டிலிருந்தும் மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகளும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகின்றன. பழுத்த அனுபவமுள்ள வைத்தியர்கூட நோவின் விவரத்தை மட்டும் கேட்டுவிட்டு "இது இதயமே இல்லை" என்று சத்தியம் செய்யமாட்டார். இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதியும் ஈசிஜி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

வீட்டில் செய்யக்கூடிய வேலை வேறு. இந்த நோவுக்கு உடனே அம்புலன்ஸ் வேண்டுமா, இன்றைக்குள் வைத்தியரைப் பார்த்தால் போதுமா, இந்தக் கிழமைக்குள் பார்த்தால் சரியா என்று பிரிக்கலாம். கீழே வரும் அடையாளங்கள் எல்லாம் அதற்குத்தான் உதவும். நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று கேட்டால், எனக்குத் தயக்கமே இல்லை. வாய்வை மாரடைப்பு என்று நினைத்து ஓடினால் அரை நாள் வீணாகும், மாமியார் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பார். மாரடைப்பை வாய்வு என்று நினைத்துப் படுத்தால் இதயத் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப முளைப்பதில்லை.

இதயத்தால் வரும் நோவு எப்படி இருக்கும்?

பலர் அதை நோவு என்றே சொல்வதில்லை. நெஞ்சில் பாரம், இறுக்கம், அடைப்பு, அமுக்கம் என்பார்கள். "நோவில்லை டொக்டர், ஒரு மாதிரி இருக்கிறது" என்பவர்களும் உண்டு. சிலருக்கு எரிவாகவே இருக்கும். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது.

எங்கே நோகிறது என்று கேட்டுவிட்டு, கை போகும் விதத்தைப் பார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நான் கேட்டதும் பேச்சை நிறுத்தி, கையை முஷ்டியாக மடக்கி, நெஞ்செலும்பின் நடுவில் வைத்து மெல்ல அழுத்திக் காட்டினார். அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவருடைய சட்டைக் கொலர் நனைந்திருந்தது. வாய் மட்டும் "கெஸ்ட்ரைட்டிஸ்தான், ஒரு குளிசை எழுதித் தாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, அங்கிருந்தே அம்புலன்ஸில் ஏற்றினோம்.

முஷ்டியாலோ முழு உள்ளங்கையாலோ காட்டப்படும் நோவை நாங்கள் கவனமாகப் பார்ப்போம். ஒரு விரல் நுனியால் "சரியாக இந்த இடம்" என்று புள்ளி வைத்துக் காட்டினால் இதயமாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. குறைவுதான், பூச்சியம் அல்ல.

இதய நோவு பெரும்பாலும் நெஞ்சின் நடுவில் தொடங்கும். அங்கிருந்து இடது கை, வலது கை, இரண்டு தோள், கழுத்து, கீழ்த்தாடை, முதுகு, மேல்வயிறு என்று எங்கும் பரவலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, குமட்டல், வாந்தி, மூச்சுத் திணறல், முகம் வெளிறுதல், காரணம் சொல்லத் தெரியாத ஒரு பயம் வரலாம். மாரடைப்பில் நோவு பொதுவாகக் கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். விட்டு விட்டும் வரலாம். மின்னல்போல் இரண்டு விநாடி குத்திவிட்டு மறைவதும், மாதக்கணக்காக இரவு பகலாக ஒரே அளவில் இருப்பதும் இதயத்தின் வழக்கமான குணம் அல்ல.

அதிகாலையிலிருந்து மதியத்துக்குள் மாரடைப்பு வருவது மற்ற நேரங்களைவிட அதிகம். காலையில் முகம் கழுவும்போது வந்த பாரத்தை "இரவுச் சாப்பாடு செரிக்கவில்லை" என்று தள்ளிவிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இடது கை நோகவில்லையே?

நோக வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கை, தாடை, மேல்வயிறு ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் முள்ளந்தண்டின் ஒரே மட்டத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு வீட்டு அழைப்பு மணிக்கும் ஒரே கம்பி இழுத்திருந்தால் எந்த வாசலில் ஆள் நிற்கிறார் என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. மூளையின் நிலையும் அதுதான். அதனால் ஒருவருக்குக் கையில் தெரிவது இன்னொருவருக்குத் தாடையில் தெரியும். பல் நோகிறது என்று பல் வைத்தியரிடம் போனவர்களும் இருக்கிறார்கள்.

சாப்பிட்ட பிறகு நெஞ்சு எரிகிறது. கெஸ்ட்ரைட்டிஸ்தானே?

கொழும்பில் நெஞ்சில் எது வந்தாலும் முதல் தீர்ப்பு இதுதான். ஒஃபிஸில் பிளேன்டீயோடு மதியத்தை ஓட்டிவிட்டு, இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டு, உடனே படுக்கிறோம். நெஞ்சு எரியாமல் என்ன செய்யும்? ஆகவே பலருடைய ஊகம் பல நாட்களில் சரியாகவே இருக்கும். பிழைக்கிற நாளில்தான் ஆபத்து.

அமிலம் மேலே ஏறுவதால் வரும் எரிவுக்குச் சில குணங்கள் உண்டு. மேல்வயிற்றில் தொடங்கித் தொண்டையை நோக்கி ஏறும். வாயில் புளிப்போ கசப்போ தட்டும். குனிந்தாலும் படுத்தாலும் கூடும், நிமிர்ந்து உட்கார்ந்தால் குறையும். உறைப்பு, எண்ணெய், கோப்பி, மது ஆகியவற்றோடு தொடர்பு தெரியும். வருடக்கணக்கில் ஒரே மாதிரி வந்து போயிருக்கும். படி ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

இனி மறுபக்கம். இதயத்தின் அடிச்சுவர் உதரவிதானத்தின் மேல், அதாவது வயிற்றுக்கு நேர் மேலே, உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதிக்குப் போகும் நாடி அடைபட்டால் மேல்வயிற்று நோவும் குமட்டலும் வாந்தியுமாகத்தான் பலருக்கு வரும். பார்க்கிறவர்கள் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் குடலுக்கு இரத்தம் அதிகம் தேவைப்படுவதால் இதயத்தின் வேலையும் கூடுகிறது. ஆகவே ஏற்கெனவே நாடி சுருங்கியவருக்குக் கலியாண வீட்டுப் புரியாணிக்குப் பிறகு வருவது உண்மையான இதய நோவாகவும் இருக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் வந்தது என்பது இதயத்தை விடுவிக்கும் சாட்சி அல்ல.

நான் பார்க்கும் கணக்கு எளிது. இது உங்களுக்குப் பழகிய எரிவா, புதியதா? நாற்பது தாண்டிய ஒருவருக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வரும் "வாய்வு", ஈசிஜி எடுக்கும்வரை வாய்வு அல்ல. பழகிய எரிவாக இருந்தாலும் இம்முறை வியர்க்கிறது, களைக்கிறது, தோளுக்குப் பரவுகிறது என்றால் அது பழையது அல்ல.

ஒமெப்ரசோல் போட்டேன், இஞ்சித் தண்ணீர் குடித்தேன், ஏப்பம் விட்டதும் குறைந்துவிட்டது. அப்படியானால் வாய்வு என்று உறுதிதானே?

இல்லை. இதய நோவு தானாகவே ஏறி இறங்கும். நீங்கள் இஞ்சியைத் தட்டி, கொதிக்க வைத்து, வடித்துக் குடிக்கும் இருபது நிமிடத்தில் அது தானாக இறங்கியிருக்கலாம். பேரை இஞ்சி தட்டிக்கொண்டு போகும். மாரடைப்பிலும் ஏப்பம் வரும். ஒமெப்ரசோல் குளிசை அந்தக் கணத்து எரிவை உடனே அடக்கும் மருந்தும் அல்ல, அமிலம் சுரப்பதைக் குறைக்க அதற்கு நேரம் தேவை. விழுங்கிய ஐந்தாவது நிமிடத்தில் குறைந்தால் அதன் புகழ் குளிசைக்குரியதல்ல.

இதே ஏமாற்று மறுபுறமும் நடக்கும். இதய நோயாளிகள் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை உணவுக்குழாயின் பிடிப்பையும் தளர்த்தும். அதில் குறைந்தது என்பதால் இதயம் என்றும் முடிவு கட்ட முடியாது. மருந்துக்குக் குறைவதை வைத்துக் காரணத்தைச் சொல்வதை வைத்தியசாலைகளும் ஏற்பதில்லை.

நெஞ்சில் சித்தாலேப தைலம் பூசலாமா என்றும் கேட்பார்கள். பூசலாம், 1990 வரும்வரை.

நடக்கும்போது வருகிறது, நின்றால் போய்விடுகிறது. பயப்பட வேண்டுமா?

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் கேள்வி. கேட்பவர்கள் "நின்றால் போய்விடுகிறது" என்பதை நல்ல செய்தியாகச் சொல்கிறார்கள். வைத்தியர் காதில் அது வேறு மாதிரி விழும்.

உழைப்பில் வந்து ஓய்வில் போகும் நெஞ்சிறுக்கம், இதய நாடி சுருங்கியிருப்பதன் மிகத் தெளிவான அடையாளம். உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சுருங்கிய நாடி வழியாக வரும் இரத்தம் போதும். கோட்டை ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் ஏறும்போதும், இரண்டு கையிலும் சந்தைப் பையோடு வெள்ளவத்தை ஒழுங்கையில் மேடேறும்போதும், ஆடிவேல் தேரோடு வெயிலில் நடக்கும்போதும் இதயம் கூடுதலாகக் கேட்கும். கொடுக்க முடியாதபோது இறுக்கம் வரும். நின்றதும் சில நிமிடங்களில் விடும். கடற்காற்றை எதிர்த்துக் காலிமுகத்திடலில் நடக்கும்போதும், கோபம் தலைக்கேறும்போதும் இப்படியே வரலாம்.

மாதங்களாக ஒரே தூரத்தில், ஒரே அளவில் வந்து போகிறது என்றாலும் இந்தக் கிழமைக்குள் வைத்தியரிடம் போக வேண்டும். அண்மையில்தான் தொடங்கியது, முன்பு மூன்றாம் மாடியில் வந்தது இப்போது முதலாம் மாடியிலேயே வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் கிழமைக் கணக்கு கிடையாது. அன்றே வைத்தியசாலை. மாரடைப்புக்கு முன்னால் பலருக்கு வரும் எச்சரிக்கை இதுதான். லிஃப்டில் போகத் தொடங்கியதும் நோவு வருவதில்லை என்று ஒருவர் பெருமைப்பட்டதுண்டு. அவர் நோயைக் குணமாக்கவில்லை, படிக்கட்டைத் தவிர்த்தார்.

விரலால் அழுத்தினால் நோகிறது, கையைத் தூக்கினால் கூடுகிறது.

விலா எலும்பும் நெஞ்செலும்பும் சேரும் குருத்தெலும்பு அழன்றிருக்கலாம், தசை பிடித்திருக்கலாம். அலுமாரியை நகர்த்தியது, ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தது, ஒரு கிழமை விடாமல் இருமியது என்று காரணம் பெரும்பாலும் கையோடு கிடைக்கும். இவை ஆபத்தற்றவை. ஆனால் நெஞ்சை அழுத்தினால் நோகும் தசை மாரடைப்பு வந்தவருக்கும் இருக்கலாம். இந்தச் சோதனையை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டியாகக் காந்தி, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி. கொப்புளம் வரும்வரை யாருக்கும் பிடிபடாது.

மூச்சை இழுத்தால் குத்துகிறது. இது இதயம் இல்லைதானே?

மாரடைப்பாக இருக்கும் வாய்ப்புக் குறைவு. நிம்மதி அடையுமுன் மற்றவற்றையும் கேளுங்கள்.

காய்ச்சலும் சளியும் சேர்ந்திருந்தால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். உயரமான, மெலிந்த, புகைக்கும் இளைஞருக்குத் திடீரென ஒரு பக்கம் குத்தி மூச்சு வாங்கினால் நுரையீரல் கிழிந்து காற்றுக் கசிந்திருக்கலாம். படுத்தால் கூடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறையும் குத்து இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் அழற்சியாக இருக்கலாம்.

மிகவும் தவறவிடப்படுவது நுரையீரல் நாடியில் இரத்தக் கட்டி அடைப்பது. திடீர் மூச்சுத் திணறல், மூச்சோடு கூடும் குத்து, சிலருக்கு இருமலில் இரத்தம். கால் ஒன்று மட்டும் வீங்கி நோகலாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் இருந்தவர், அண்மையில் பிள்ளை பெற்றவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர், டொரொன்டோவிலிருந்து நீண்ட விமானப் பயணம் செய்து கட்டுநாயக்காவில் இறங்கிய உறவினர் ஆகியோருக்கு இந்த எண்ணம் வரவேண்டும். இதற்கும் 1990தான்.

திடீரென்று கிழிப்பதுபோல் வந்து முதுகுக்குப் போனால்?

தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருக்கும், தோள்பட்டைகளுக்கு நடுவே பாயும் நோவு பெருநாடியின் உட்சுவர் கிழிவதாக இருக்கலாம். கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்களுக்கு வரும். அரிது, ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாதது. இப்படி வந்தவர் வீட்டில் தானாக அஸ்பிரின் போடக்கூடாது.

எனக்கு மனப்பதற்றம் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போவதா?

பதற்றத் தாக்கம் நடிப்பு அல்ல. நெஞ்சு உண்மையிலேயே இறுகும், படபடக்கும், மூச்சு முட்டும், விரல்களும் வாயைச் சுற்றியும் விறைக்கும், செத்துவிடுவேன் என்று தோன்றும். பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அரை மணி நேரத்துக்குள் தணியும்.

முதல் தடவை என்றால் பதற்றம் என்று யாரும் பெயர் வைக்கக் கூடாது, நீங்களும் வைக்கக் கூடாது. இதயத்தைப் பரிசோதித்து நலம் என்று தெரிந்த பிறகு அதே மாதிரி வந்தால், கற்ற மூச்சுப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம். வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, உழைப்பில் வந்தாலோ போய்க் காட்டுங்கள். ஒரு சிறு முறைப்பாடும் இருக்கிறது. பெண்கள் நெஞ்சு நோவோடு வந்தால் "வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று முதலில் கேட்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. முதலில் ஈசிஜி, பிறகு வீட்டுக் கதை.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். நெஞ்சு நோவே இல்லை, களைக்கிறது என்கிறார்.

நீரிழிவு பல வருடம் இருந்தால் இதயத்திலிருந்து நோவைச் சொல்லும் நரம்புகளும் மரத்துப்போகும். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு சும்மா இருக்கும். களைப்பு, மூச்சு வாங்குதல், வியர்த்து வடிதல், வாந்தி, திடீர் சோர்வு, வயதானவர்களுக்கு மனக்குழப்பம் என்று வேறு வேடத்தில் வரும். பெண்களுக்கும் நெஞ்சு நோவே முதன்மையான அறிகுறி, ஆனாலும் முதுகு நோவு, தாடை நோவு, குமட்டல், களைப்பு ஆகியவை அவர்களுக்கு ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும்.

நேற்றுவரை பூசையறை கூட்டித் துடைத்த அம்மா இன்று பாதியில் உட்கார்ந்து வியர்க்கிறார் என்றால் குளுக்கோமீட்டரில் சீனியைப் பாருங்கள். சீனி குறைந்தாலும் இப்படியே வியர்க்கும். சீனி சரியாக இருந்தும் களைப்பு விடவில்லை என்றால் "வயது போய்விட்டது" என்று சொல்லாமல் ஈசிஜிக்குக் கொண்டுபோங்கள். அம்மாமார் தானாகக் கேட்கமாட்டார்கள். அடுப்பில் பருப்பு இருக்கிறது என்பார்கள்.

எனக்கு முப்பத்தைந்துதான் ஆகிறது.

2004இல் வெளியான இன்டர்ஹார்ட் என்ற ஆய்வு 52 நாடுகளில் நடந்தது, இலங்கையும் அதில் இருந்தது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதளவில், மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு வருடம் முன்னதாகவே வருகிறது என்பது அதன் தரவுகளில் தெரிந்தது. சராசரி 53 என்றால் முப்பதுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். புகைத்தல், நீரிழிவு, பிரஷர், கொலஸ்ட்ரோல், தொந்தி ஆகியவற்றோடு, தந்தைக்கோ சகோதரனுக்கோ 55க்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65க்கு முன் இதய நோய் வந்திருந்தால் வயதை நம்பி இருக்காதீர்கள்.

அரச வைத்தியசாலைகளோடு இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி, எடை போன்றவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். கூட்டம் அதிகமில்லாத அரச சேவைகளில் அதுவும் ஒன்று.

நோவு வந்துவிட்டது. முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்வது?

செய்துகொண்டிருப்பதை நிறுத்தி உட்காருங்கள். சுவரில் சாய்ந்து, முழங்காலை மடித்து இருப்பது நல்லது. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடும் இலவச சேவை இது. தமிழிலேயே பேசலாம். "நெஞ்சு நோவு" என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வீட்டு இலக்கம், ஒழுங்கை, அருகிலுள்ள கோயிலோ கடையோ பிறகு.

அஸ்பிரின் ஒவ்வாமை, இரத்தக் கசிவு, வயிற்றுப் புண்ணில் இரத்தம் போனது ஆகியவை இல்லை என்றால் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பி விழுங்கலாம். வீட்டில் 75 மில்லிகிராம் குளிசைதான் இருக்கிறது என்றால் நான்கு. சப்பாமல் விழுங்கினால் மெதுவாகத்தான் வேலை செய்யும். காய்ச்சல் இருப்பவர் தொடக்கூடாது. இந்த ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு இருக்கலாம், டெங்கில் அஸ்பிரின் இரத்தக் கசிவைக் கூட்டும். சந்தேகம் என்றால் 1990இல் பேசுபவரிடமே கேளுங்கள்.

நாக்கின் கீழ் வைக்கும் குளிசை உங்களுக்கென்று வைத்தியர் எழுதித் தந்ததாக இருந்தால் உட்கார்ந்துகொண்டு ஒன்றை வையுங்கள். ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால் அம்புலன்ஸ். பக்கத்து வீட்டு ஐயாவின் குளிசையைக் கடன் வாங்க வேண்டாம், பிரஷர் சடாரென்று விழும். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரை கடந்த இரண்டு நாளில் எடுத்திருந்தால் உங்கள் சொந்தக் குளிசையையும் வைக்கக் கூடாது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம் என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். அம்புலன்ஸில் வருபவரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் சிரிக்கமாட்டார்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் படியால் இறங்கிக் கீழே போய்க் காத்திருக்க வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள். ஒருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும், ஒருவர் காலி வீதி முனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும், வாசல் காவலாளிக்குச் சொல்லிவிடுங்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் நிறுத்தி வைத்த வாகனங்களுக்கு நடுவே அம்புலன்ஸ் திரும்ப இந்தச் சின்ன ஏற்பாடுகள் உதவும்.

ஆட்டோவில் போனால் விரைவாக இருக்காதா? எந்த வைத்தியசாலைக்குப் போவது?

அம்புலன்ஸில் ஒட்சிசனும் பயிற்சி பெற்றவரும் இருக்கிறார்கள். இதயம் நின்றால் அங்கேயே அதிர்ச்சி கொடுக்கலாம். ஆட்டோக்காரர் ஹோர்ன் மட்டுமே அடிக்கலாம். அம்புலன்ஸ் வர மிகவும் தாமதமாகும் என்று 1990 சொன்னால் மட்டும், வேறொருவர் ஓட்ட, போங்கள். தானே கார் ஓட்டிப் போவது உங்களுக்கு மட்டுமல்ல, வீதியில் போகிறவர்களுக்கும் ஆபத்து.

கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இதய நோய்ப் பிரிவு இருக்கிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை அருகில். இரண்டிலும் சிகிச்சை இலவசம். தனியார் வைத்தியசாலைக்குப் போவது உங்கள் வசதி, ஆனால் போவது அவசர சிகிச்சைப் பிரிவுக்காக இருக்க வேண்டும்.

அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நெஞ்சு நோவு வந்ததும் நம்மில் படித்தவர்கள்தான் அதிகம் செய்யும் பிழை, "நல்ல இதய நிபுணர் யார்?" என்று விசாரித்து மாலை ஏழரை மணிக்கு சனல் பண்ணுவது, அதாவது தனியாரிடம் நேரம் பதிந்து காத்திருப்பது. நம்பர் பதினெட்டு. நிபுணர் வர எட்டரை. அதுவரை வரிசைக் கதிரையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு இருப்பார்கள். அவசரப் பிரிவில் பெயர் தெரியாத இளம் வைத்தியர் பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்திருப்பார். நிபுணரைப் பிறகு பார்க்கலாம்.

ஈசிஜி நோர்மல் என்றார்கள். வீட்டுக்குப் போகலாமா?

அவர்கள் போகச் சொன்னால் போகலாம். நீங்களாகப் புறப்பட வேண்டாம்.

ஈசிஜி எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மேல்சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டும். நெஞ்சில் ஆறு இடத்தில் குளிரான பசையோடு முனைகள், கை கால்களில் நான்கு பிடிகள். சிறு கட்டங்கள் போட்ட இளஞ்சிவப்புத் தாள் சரசரவென்று வெளியே வரும். ஐந்து நிமிட வேலை, உடம்புக்குள் மின்சாரம் எதுவும் செலுத்துவதில்லை.

ஆனால் அந்தத் தாள் எடுத்த சில விநாடிகளின் கதையைத்தான் சொல்லும். மாரடைப்பின் தொடக்கத்தில் அது சாதாரணமாகவே இருக்கலாம். அதனால் நோவு இருக்கும்வரை திரும்பத் திரும்ப எடுப்பார்கள். கூடவே ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். இதயத் தசை சேதமானால் அந்தப் புரதம் இரத்தத்தில் கசியும். ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால் ஒரு தடவை பார்த்து விடமாட்டார்கள், இடைவெளி விட்டு மறுபடியும் குத்துவார்கள். "இரத்தம் எடுத்தாயிற்று, இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?" என்று தாதியோடு சண்டை பிடிக்கும் உறவினர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டும் சரியாக இருந்தால் அன்று மாரடைப்பு இல்லை என்று சொல்லலாம். நாடி சுருங்கவே இல்லை என்று சொல்ல முடியாது. அதற்கு ஓடும் பட்டியில் நடக்க வைத்து ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் நாடிக்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் அஞ்ஜியோகிராம் என்று அடுத்த கட்டங்கள் இருக்கின்றன. திகதி தந்தால் போங்கள். நோவு போனதும் திகதியும் மறந்துபோவது வழக்கம்.

பலமாக இருமினால் மாரடைப்பிலிருந்து தப்பலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

தப்ப முடியாது. அது வைத்தியசாலைக் கட்டிலில், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் வைத்தியர் சில விசேட நிலைமைகளில் சொல்லும் விடயம். வீட்டில் இருமிக்கொண்டிருப்பது 1990ஐ அழைக்க வேண்டிய நேரத்தைத் தின்னும். அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.

மயங்கி விழுந்துவிட்டால்?

தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, சரியாக மூச்சு விடவில்லை என்றால் இதயம் நின்றுவிட்டது. 1990ஐ ஸ்பீக்கரில் போடுங்கள். தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம் போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். விலா உடையுமோ என்று தயங்க வேண்டாம், உடைந்தால் ஒட்டிவிடும். களைத்தால் ஆள் மாறுங்கள்.

வைத்தியசாலையில் என்ன சொல்வது, எதை எடுத்துப்போவது?

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகளின் மட்டைகள். பழைய ஈசிஜி இருந்தால் மிகவும் நல்லது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அடுத்த தடவை எடுக்கும்போது தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள்.

அவசரப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் அந்த நேரத்தில் இல்லாமல் போகலாம். "பப்புவ ரிதெனவா" என்றால் நெஞ்சு நோகிறது. "ஹுஸ்ம கன்ன அமாருய்" என்றால் மூச்சு விடக் கஷ்டம். இந்த இரண்டும் போதும். "கெஸ்ட்ரைட்டிஸ் போல" என்று உங்கள் தீர்ப்பைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம், வரிசையில் பின்னுக்குப் போய்விடுவீர்கள்.

நோவு தொடங்கிய நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். "காலையிலிருந்து" போதாது, ஆறே கால், ஏழரை என்று சொல்ல வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை முதல் 12 மணி நேரத்துக்குள்தான் கொடுப்பார்கள், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு பலன். மருந்து ஏற்றுவதா, அடைபட்ட நாடியைப் பலூனால் திறக்கும் அஞ்ஜியோபிளாஸ்டிக்கு நேராக அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது வைத்தியர் முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான்.